"தமிழ்லயா இதெல்லாம் இருக்குண்ணே?"

குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக் கடை 1938இலிருந்து இருக்கிறது. போன மாதம் அங்கே ரொட்டி பாக்கார் வரும்வரை ஒரு தடித்த தமிழ் வேதியியல் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைத் தம்பி எட்டிப் பார்த்தான். பொறியியல் மாணவன். "தமிழ்லயா இதெல்லாம் இருக்குண்ணே? பெரிய படிப்புக்காரங்க புத்தகமாச்சே" என்றான். இரண்டுமே தப்பு. ஆனால் அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியலும் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் பார்த்திராததை இல்லை என்றே நினைத்துவிடுகிறார்கள்.

துறைநூல்களைப் பற்றிய தப்பெண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது, தமிழில் துறைநூலே கிடையாது என்பது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல் வேண்டுமே! 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று வரிசையாக வந்தன. கடைசிப் பெயரைக் கவனியுங்கள். கெமிஸ்ட்ரிக்குத் தமிழ் வால் ஒட்டிக் கெமிஸ்தம் ஆக்கிவிட்டார். தோட்டத்தில் நாம் 'கிராணி' என்ற சொல்லைத் தமிழாக்கிக்கொண்டதைப் போலத்தான். கலைச்சொல் இல்லை என்று கைகட்டி நிற்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த அட்டையைத்தான்.

பிறகு பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968க்குள் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரி மாணவர்களுக்காக இயற்பியல், தத்துவம், பொருளியல் என நூற்றுக்கணக்கான நூல்களை அச்சிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இன்றைய பொறியியலின் நுனிவரை போக ஆங்கிலம் வேண்டும் என்பது வேறு விஷயம், அதை மறுக்கவில்லை.

தத்துவ நூல் என்றால் பக்தி நூல் என்பது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரைத் திறந்து பாருங்கள். அதன் பரபக்கம் என்ற பகுதி முழுக்க வாதம்: கடவுளே இல்லை என்னும் உலகாயதர், பௌத்தர், சமணர் என ஒவ்வொருவர் கட்சியையும் எடுத்துச் சொல்லி மறுக்கிறார். அந்த நூலிலேயே அளவையியலும் வருகிறது, அதாவது எதை வைத்து ஒன்றை அறிந்தோம் என்கிறோம் என்ற கேள்வி. கோயிலில் தேவாரம் பாடுகிறோம், நல்லதுதான். இந்த வழக்காடலை மட்டும் யாரும் பிரிப்பதில்லை.

விலை அதிகம், எழுதியவருக்குக் கொள்ளை லாபம் என்பது. ஒரு பேச்சுக்கு, அச்சுக்கோப்பும் பதிப்பு வேலையும் 20,000 ரிங்கிட் என்று வைப்போம். 10,000 படி விற்றால் ஒரு படிக்கு 2 ரிங்கிட். துறைநூலோ சில நூறுதான் போகும். 400 படி என்றால் 50 ரிங்கிட். காகிதச் செலவு தனி. எழுதியவர் பெரும்பாலும் சம்பளத்தில்தான் வாழ்கிறார்.

பழைய நூல் குப்பை என்பது. பாதி சரி. கான்கிரீட் வடிவமைப்புக்கான பிரிட்டிஷ் விதித்தொகுப்பு பி.எஸ் 8110, 2010இல் விலக்கப்பட்டு யூரோகோடு வந்தது. ஆகவே அந்த விதிப்படி எழுதிய நூலின் பாதுகாப்பு எண்களை எடுத்து இன்று வீடு கட்டாதீர்கள். உத்தரம் வளைவதற்கான கணக்கு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

அட்டை முதல் அட்டை வரை படித்தாக வேண்டும் என்ற பயமும் வேண்டாம். இத்தகைய நூல்களைப் பின்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். சொல்லடைவில் உங்கள் சொல்லைத் தேடி, அந்தப் பக்கத்துக்குப் போங்கள்.

துறைநூல்களைத் தேட எங்கே போவது? குளுவாங்கிலிருந்து பத்து பகாட் சாலையில் பாரிட் ராஜா வரை போனால் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தின் நூலகம். அதுவும் தூரம் என்றால் கைப்பேசியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறவுங்கள். தம்பியிடம் அங்கேயே திறந்து காட்டினேன். பாடநூல் நிறுவன நூல்கள் அங்கே இலவசமாகவே கிடக்கின்றன.