முதுகு காட்டி நிற்கும் பெண்

மக்களே, ஒரு சின்ன சோதனை. மூடிய கதவு, பக்கத்துல ஜன்னல், தரையில விழுற வெயில். ஆள் இல்ல, நாற்காலி இல்ல. இப்படி ஒரு ஓவியத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீங்க? நான் மூணே நொடியில தள்ளிட்டுப் போயிட்டேன். திரும்ப வரவெச்சது தலைப்பு: 'வெயில் கற்றையில் ஆடும் தூசி'. 1900-ல் வரைந்தவர், டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் (1864–1916).

வெயில் கற்றை ஏன் தெரியுது? நாம படிச்ச டிண்டால் விளைவுதான். நம்மைத் தாண்டிப் போற ஒளியைத் தூசி சிதறடிச்சாதான் அது நம்ம கண்ணுக்கு வரும். அந்தக் காலி அறையில நடக்கிற ஒரே சம்பவம் இதுதான்.

வீட்டு அறையை வரையுறது டென்மார்க்குக்குப் புதுசு இல்ல. 1807-ல் பிரிட்டிஷ் படை கோபன்ஹேகன் மேல குண்டு வீசியது. 1813-ல் அரசு திவாலானது. 1814-ல் நார்வே கைவிட்டுப் போனது. பெருமை பேச அதிகம் மிச்சமில்லாத அந்தக் காலத்தில், நடுத்தரக் குடும்பத்து அறைகள் ஓவியத்துக்குள் வந்தன. பேராசிரியர் எக்கர்ஸ்பர்க் மாணவர்களுக்கு பெர்ஸ்பெக்டிவ் கற்றுக்கொடுத்தார். அதுக்குன்னு புத்தகமும் எழுதினார். அந்த அறைகளில் படிப்பவர்கள், தைப்பவர்கள்னு மனிதர்கள் இருந்தாங்க.

ஹாமர்ஷோய் அறையைக் காலி பண்ணினார். 1898 முதல் 1909 வரை ஸ்ட்ரான்ட்கேட் தெரு 30-ஆம் எண் வீட்டில் குடியிருந்து, அதே அறைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பல படங்களில் அவர் மனைவி ஈடா நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்.

பார்க்குறதுக்கு மூணு வழி:

1. நிறங்களை எண்ணுங்க. சாம்பல், வெள்ளை, பழுப்பு, கறுப்பு. அவ்வளவுதான்.

2. வெளிச்சம் எங்கிருந்து வந்து எங்க முடியுதுன்னு பாருங்க.

3. என்ன இல்லைன்னு தேடுங்க. தூசி ஓவியத்தின் கதவில் கைப்பிடியே இல்லை!

ஈடா சோகமா நிக்கிறாங்கன்னு நான் அடிச்சுச் சொன்னேன். "வேலை முடிஞ்சு நிம்மதியா நிக்கிறாங்கடா"ன்னான் நண்பன். முகம் தெரியல, அதனால ரெண்டு பேரும் அவங்கவங்க மனசைத்தான் அங்க பார்த்திருக்கோம்.

அப்பதான் என் ரூம்மேட் ஞாபகம் வந்தது. பத்து நாளா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். என் மேல கோபம்னு நானே முடிவு பண்ணி, பேசாமலே இருந்தேன். அன்னிக்கு ராத்திரி கேட்டேன். அப்பாவுக்கு ஆபரேஷனாம், யாரிடமும் சொல்லத் தெரியல.

ஈடாவிடம் நாம கேட்க முடியாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனிடம் கேட்கலாம்.