பொழுதுபோக்கும் புதிய கருவிகளும்

'பொழுதுபோக்கு' என்னும் சொல்லை நாம் எண்ணிப் பார்க்காமலே வழங்கி வருகிறோம். நாம் போக்காவிட்டாலும் பொழுது தானே போய்விடும். உண்மையில் நாம் போக்க விரும்புவது பொழுதை அன்று. களைப்பையும் சலிப்பையும் தனிமையையுமே. இம்மூன்றும் மனிதனுக்கு உள்ளவரை கூத்தும் பாட்டும் கதையும் இருக்கும். ஆகவே, மாணவருக்குப் பொழுதுபோக்கு வேண்டுமா என்று வாதிடுவது வீண். அது எத்தகையது, அதை யார் தேர்ந்து கொடுக்கிறார்கள் என்பனவே கேட்கத் தக்க வினாக்கள். இவற்றுக்கு நாம் வாழும் திருவனந்தபுரத்தின் வரலாற்றிலேயே விடை காண முயல்வோம்.

முதலில் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' இந்நகரில்தான் உருவாகித் திரையிடப்பட்டது. 1930-ஐ ஒட்டிய காலம் அது. அதை எடுத்த ஜே. சி. டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்தவர். கதைத்தலைவியாக நடித்த பி. கே. ரோசி ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். அவர் உயர்சாதிப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாத சிலர் வன்முறையில் இறங்கினர். ரோசி ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது. கருவியோ புத்தம் புதியது. அதைக் காண வந்தவர் மனமோ மிகப் பழையது. புதிய கருவி வந்துவிட்டால் புதிய சமுதாயம் தானே வந்துவிடும் என்று நம்புவோர் ரோசியின் கதையை மறத்தலாகாது.

அடுத்து வந்தது வானொலி. திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943 மார்ச் 12-ல் இங்குத் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1-ல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. வானொலி நாடகத்தில் மேடை இல்லை, ஒப்பனை இல்லை, திரைச்சீலையும் இல்லை. கதவு திறக்கும் ஓசை ஒன்றைக் கேட்டவுடன் வீட்டையும் முற்றத்தையும் கேட்பவனே தன் மனத்தில் கட்டிக்கொள்கிறான். எல்லாப் பொழுதுபோக்கினும் எனக்கு உவப்பானது இதுவே. காரணம், அது என் மனத்தையும் வேலை வாங்குகிறது. திருவள்ளுவர் 'கல்வி', 'கல்லாமை' ஆகிய அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்திருப்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

இனி, தொலைக்காட்சி. 1959 செப்டம்பர் 15-ல் தில்லியில் அது சோதனை முயற்சியாகத் தொடங்கியபோது கல்வியும் சமூக முன்னேற்றமுமே அதன் நோக்கங்கள். நம் அருகிலுள்ள தும்பாவில் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அதற்கு வழிவகுத்த விக்கிரம் சாராபாய், செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்லலாம் என்று கனவு கண்டார். அவர் மறைந்த பின், 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்களில் அக்கனவு சோதித்துப் பார்க்கப்பட்டது. அதே 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. திருவனந்தபுரம் நிலையத்தின் மலையாள ஒளிபரப்போ 1985 சனவரி 1-ல்தான் வந்தது.

அந்நாளில் இருந்தது ஒரே அலைவரிசை. எதைக் காட்டுவது என்று அரசு அலுவலர் முடிவு செய்தார். அதில் சலிப்பு உண்டு. ஒருபக்கச் செய்தியும் உண்டு. ஆயினும் தெருவே ஒன்றைப் பார்த்தது. மறுநாள் தெருவே அதைப் பற்றிப் பேசியது. 1993-ல் சன் தொலைக்காட்சியும் ஏசியாநெட்டும் தோன்றியபின் தேர்வு விளம்பரதாரர் கைக்கு மாறியது. இன்று கைப்பேசியில் தேர்வு யாருடையது? 'என்னுடையதே' என்று நாம் எண்ணுகிறோம். நாம் எந்தக் காட்சியில் எத்தனை விநாடி நின்றோம் என்பதைக் கணிப்பொறி குறித்துக்கொள்கிறது. நம்மை மேலும் நிறுத்திவைக்கக் கூடியதையே அடுத்ததாக நீட்டுகிறது. நமக்கு நன்மையானது எது என்பது அதன் கணக்கில் இல்லை. நாம் நிற்கும் நேரமே அங்கு விற்பனைப் பொருள். ஒரே அறையில் நால்வர் இருந்தாலும் நான்கு உலகங்களில் இருக்கிறோம்.

அப்படியானால் கருவியைப் பழிப்பதா? இல்லை. நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், 2020 சூன் 1 முதல், கேரள அரசின் விக்டர்ஸ் அலைவரிசை வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. தமிழ்வழி மாணவருக்கும் பாடங்கள் உருவாக்கப்பட்டன. கருவி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களும் பொது இடங்களும் உதவின. கருவி அதேதான், அதை இயக்கிய நோக்கம் வேறு.

இம்மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இன்னுமொரு கவலை உண்டு. தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லையேல் நம் வீட்டுக் குழந்தைகள் பலருக்குத் தமிழ் இவ்வளவு காதில் விழுந்திராது. அதற்காக நன்றி சொல்லலாம். ஆனால் மலையாளமோ ஆங்கிலமோ வழியாகப் பயிலும் குழந்தைக்குத் தமிழ் காதில் விழுகிறதே தவிரக் கண்ணில் எழுத்தாகப் படுவதில்லை. திரைப்பாட்டை முழுதும் பாடும் பிள்ளை, அதன் ஓரடியை எழுதத் தெரியாமல் நிற்கிறது. கேட்கும் மொழியாக மட்டும் ஒரு தலைமுறை தமிழைப் பெற்றால், அடுத்த தலைமுறைக்கு அதுவும் மிஞ்சுமா? சாலைக் கடைத்தெருவின் வாழ்வைத் தமிழில் எழுதிய ஆ. மாதவனை இந்நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளே படிக்க இயலாமற் போனால், அது சிறிய இழப்பா?

மாணவ நண்பர்களே! நாம் செய்யக் கூடியவை கடினமானவை அல்ல. எதைப் பார்ப்பது என்பதைத் திரையைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்வோம்; அது முடிந்ததும் நிறுத்துவோம். பார்த்ததைப் பிறரோடு பேசுவோம். இந்நகரில் ஆண்டுதோறும் நடக்கும் திரைப்பட விழாவில், படம் முடிந்தபின் அரங்க வாயிலில் நின்று வாதிடும் கூட்டத்தைப் பாருங்கள். அங்குப் பொழுதுபோக்கே பாடமாகி விடுகிறது. நம் தமிழ்ச் சங்கமும் மாதம் ஒரு மாலை ஒரு படத்தையோ நாடகத்தையோ கூடியிருந்து கண்டு, அதைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் தமிழில் எழுதுமாறு செய்யலாம். எழுதத் தெரியாதவருக்கு அருகிலிருப்பவர் கற்றுக் கொடுக்கலாம். ஒரு மாலையும் ஒரு பக்கமும் போதும், இம்மாதமே தொடங்கலாம்.