திக்கற்றவர் யார்?

விடுமுறையில் அயல்நாடு சென்று அநாதை இல்லம் ஒன்று கட்டும் தொண்டில் சேரலாமா என்று நம் மன்றத்து இளைய நண்பர் இருவர் அண்மையில் என்னைக் கேட்டனர். ஆம் என்றோ வேண்டா என்றோ ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. மாணவனாயிருந்த நாளில் நானும் அத்தகைய பயணம் சென்று வந்தவன், செங்கல் சுமந்தவன். ஆகவே அவ்விருவருக்கும் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இது தொண்டைப் பழிக்கும் கட்டுரை அன்று. தொண்டுக்குப் புறப்படுமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பற்றியது.

எட்டுப் பேர் பயணம்

2013 டிசம்பரில் தில்லியிலிருந்து எட்டு மாணவர் புறப்பட்டோம். எல்லோரும் ஒரே திருச்சபையின் இளைஞர் குழுவைச் சேர்ந்தவர்கள். கோரக்பூர் வரை இரயில். அங்கிருந்து சுனௌலி எல்லை வரை பேருந்து. எல்லையை நடந்தே கடந்தோம். இந்தியர் நேபாளம் செல்லக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை அன்றோ? பின்னர் மலைப்பாதையில் நாள் முழுதும் குலுங்கிப் பொக்காராப் பள்ளத்தாக்கை அடைந்தோம். காலையில் கண் விழித்தால் மீன்வால் போல் பிளந்த மச்சபுச்சரே சிகரம் வெண்மையாய் எதிரே நிற்கும். அதன் அடிவாரத்தில் முப்பது பிள்ளைகள் வாழ்ந்த இல்லம் ஒன்றுக்குப் புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது.

காலையில் செபமும் பாட்டும், பின்னர் வேலை. மணல் சலித்தோம், சாந்து குழைத்தோம், செங்கல் சுமந்தோம். மாலையில் பிள்ளைகளோடு பந்து விளையாடினோம். மூன்றாம் நாள் சுவர் எழுப்பவும் எங்களை விட்டனர். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கொத்தனார் வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மூன்று வரிசைக் கல்லைப் பிரித்தெடுத்து மீண்டும் தாமே அடுக்கினார்.

அவர் நன்றாக இந்தி பேசினார். எங்கே கற்றீர்கள் என்றேன். தில்லியில் ஆறாண்டு கட்டட வேலை செய்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்: “நான் இந்த வேலையைத் தேடித் தில்லிக்குப் போனேன், நீங்கள் இதே வேலையைச் செய்யத் தில்லியிலிருந்து வந்திருக்கிறீர்கள்.” அவர் தில்லியில் இருந்தபோதுதான் அவருடைய மகள் நடக்கவும் பேசவும் கற்றாள்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவிட்டிருந்தோம். எட்டுப் பேருக்கு 96,000. நம் ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 வீதம் 1,53,600. அக்கொத்தனாரின் நாட்கூலி 800 நேபாள ரூபாய். எங்கள் பயணச் செலவைக் கொண்டு அவருக்கு 192 நாள் வேலை கொடுத்திருக்கலாம். நாங்கள் செய்ததோ பத்து நாள் வேலை. அதிலும் மூன்று வரிசையைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் பணக்கணக்கு சிறிது. பிள்ளைக் கணக்கே பெரிது. அதை எட்டாம் நாள்தான் உணர்ந்தேன்.

வாயிற்படியில் ஒரு தாய்

அன்று நண்பகல் ஒரு பெண் வாயிற்கதவருகே வந்து நின்றாள். காலில் புழுதி, தோளில் ஒரு துணி மூட்டை. மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் அவளைக் கண்டதும் “ஆமா, ஆமா” என்று கூவினான். யாரோ கேட்ட கேள்விக்கு அவன் ஆம் என்று விடை கூறுவதாகவே என் தமிழ்ச் செவிக்குப் பட்டது. அவன் ஓடிச் சென்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்ட பிறகே விளங்கியது. நேபாளியில் ‘ஆமா’ என்றால் அம்மா.

இல்லத்தின் பதிவேட்டில் அச்சிறுவனுக்குத் தாய் தந்தை இருவரும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பதிவேட்டை நானே பார்த்திருந்தேன். அதைச் சொல்லித்தான் எங்கள் சபையில் நன்கொடை திரட்டினோம்.

கொத்தனார் எங்களுக்கு மொழிபெயர்த்தார். அவள் கோர்க்கா மாவட்டத்து மலைச்சிற்றூரைச் சேர்ந்தவள். கணவன் இறந்துவிட்டான். ஊர்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதாக ஒருவன் வந்து சொன்னான். எருமையை விற்று அவனுக்குப் பணம் கொடுத்தாள்; அவன் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தாள். தான் இறந்துவிட்டதாக அத்தாளில் எழுதியிருந்தது அவளுக்குத் தெரியாது. மகன் எங்கே என்று கண்டுபிடிக்கவே இரண்டாண்டு ஆயிற்று.

இல்லத்தை நடத்தியவர் கெட்டவர் அல்லர். தரகன் கொடுத்த தாளை நம்பியவர். அவர் முகம் கறுத்துப்போயிற்று. மகனை அழைத்துப் போகிறாயா என்று கேட்டார். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், வேண்டாம், படிக்கட்டும் என்றாள். எழுந்தவள் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த சுவரைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டாள். கொத்தனார் சற்றுத் தயங்கியே மொழிபெயர்த்தார்: “இதை எங்கள் ஊரில் கட்டியிருக்கக் கூடாதா என்கிறாள்.”

மூட்டையிலிருந்த வறுத்த மக்காச்சோளத்தை மகனுக்கும் எங்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு அவள் மறுநாள் போய்விட்டாள்.

சொல்லும் பொருளும்

தில்லி திரும்பியபின் இதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அநாதை என்பது நாதன் இல்லாதவர், அதாவது காப்பார் இல்லாதவர் என்று பொருள்படும் வடசொல். திக்கற்ற பிள்ளை என்பது தமிழ் வேதாகமத்தின் வழக்கு. இவ்விரு சொல்லிலும் தாய் இறந்தாள், தந்தை இறந்தான் என்ற பொருள் நேரே இல்லை. துணையின்மையே பொருள்.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப், பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் அநாதை என்றே கணக்கிடுகிறது. அக்கணக்கின்படி 2015-இல் உலகில் ஏறத்தாழ 14 கோடி அநாதைகள். அவர்களுள் இருவரையும் இழந்தோர் சுமார் 1 கோடியே 51 இலட்சம் மட்டுமே. எஞ்சியோர்க்குத் தாயோ தந்தையோ உண்டு. பத்தில் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் பத்துப் பேருக்கும் வீடு கட்டுகிறோம்.

அன்று பிறந்த இல்லங்கள்

அநாதை இல்லம் என்னும் அமைப்பு தோன்றியதே தவறு என்று நான் கூறவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே என்னும் இறையியலார் 1698-இல் பெரியதோர் இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அங்கே பயின்ற சீகன்பால்குதான் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அவருக்கு அனுப்பியதும் அதே ஹாலே நகரம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் 1836-இல் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய பணி, 1870-க்குள் ஐந்து பெருங்கட்டடங்களாகி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடமளித்தது.

கொள்ளைநோய் ஒரே வாரத்தில் தாயையும் தந்தையையும் கொண்டுபோன காலம் அது. பிள்ளைகள் தெருவில் நின்றனர்; வீடு பின்னர் வந்தது. நம் காலத்திலோ பல இடங்களில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. வீடு முதலில் எழுகிறது. பிள்ளைகளைப் பின்னர் தேடுகின்றனர்.

வீடு பிள்ளையைத் தேடும் விதம்

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. மலையூர்ப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் போர்ப்படையிலிருந்து காக்கவும் படிக்க வைக்கவும் விரும்பினர். அவ்விருப்பத்தைத் தரகர்கள் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்தது; தரகு முடியவில்லை. அந்நாட்டின் பெரும்பாலான சிறுவர் இல்லங்கள் எங்கே இருந்தன தெரியுமா? அன்றிருந்த 75 மாவட்டங்களில், காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், பொக்காரா அடங்கிய காஸ்கி ஆகிய ஐந்தில். வறுமை மிகுந்த மாவட்டங்கள் இவை அல்ல. அயல்நாட்டார் மிகுதியாக வரும் மாவட்டங்கள். அநாதைகள் ஏன் அங்கேயே பிறக்க வேண்டும்? எண்ணிப் பாருங்கள்.

கம்போடியாவில் 2005 முதல் 2010 வரை இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு பெருகிற்று. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருந்தனர். 2010 சனவரியில் ஐத்தி நாட்டில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, அமெரிக்கத் திருச்சபையினர் பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய தாள்களின்றி எல்லை கடத்த முயன்று தடுக்கப்பட்டனர். அண்டை நாட்டில் அநாதை இல்லம் அமைப்பது அவர்கள் திட்டம். அப்பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குப் பெற்றோர் இருந்தது பின்னர் தெரியவந்தது.

இதன் இயக்கம் எளியது. பிள்ளைக்கு இவ்வளவு என்று நன்கொடை வருகிறது. கட்டில்கள் காலியாயிருந்தால் நன்கொடை குறையும். ஆகவே கட்டில்கள் நிரம்ப வேண்டும். ஏழைத் தாய்க்குக் கல்வி ஆசை காட்டினால் அவை நிரம்பும். இதில் ஒவ்வொருவரும் தனித்தனியே நல்லவராயிருக்கலாம். நாங்கள் எட்டுப் பேரும் நல்லெண்ணத்தோடுதான் போனோம்.

பத்து நாள் அன்பு

இல்லத்தில் நல்ல உணவும் உடையும் கிடைக்குமே, அது போதாதா என்று கேட்கலாம். ருமேனியாவின் புக்காரெஸ்டு நகரில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. இல்லங்களில் வளர்ந்த 136 கைக்குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். குடும்பம் சென்றவர்கள் அறிவு வளர்ச்சியில் முந்தினர். இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் மிகவும் முந்தினர். பிள்ளைக்கு வேண்டியது சோறு மட்டுமன்று. நாளையும் மறுநாளும் மாறாமல் வரும் ஒரே முகம்.

நாங்கள் கொடுத்ததோ பத்து நாள் முகம். விடைபெற்ற நாளில் சில பிள்ளைகள் எங்களைப் பற்றிக்கொண்டு அழுதனர். அதை எங்கள் அன்புக்குச் சான்று என்று அன்று மகிழ்ந்தேன். எங்களுக்கு முன் எத்தனை குழுவினருக்காக அவர்கள் அப்படி அழுதிருப்பர் என்று இன்று எண்ணுகிறேன்.

பின்னர் நடந்தது

2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தில் பெரும் நிலநடுக்கம். அதன் நடுமையம் கோர்க்கா மாவட்டம். ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். நேபாள அரசு விரைந்து ஒன்றைச் செய்தது. உரிய துணையும் தாளும் இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டுக் கொண்டுபோவதைத் தடுத்தது. புதிய சிறுவர் இல்லங்களுக்கு இசைவு தருவதை நிறுத்தியது.

எங்கள் இல்லத்துப் பெரியவருக்கு மடல் எழுதினேன். விடை வந்தது. அந்தத் தாய் பிழைத்திருந்தாள், வீடு விழுந்துவிட்டது. அவரே பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று உறவினரைத் தேடத் தொடங்கியிருந்தார். அச்சிறுவன் தாயிடம் திரும்பிவிட்டான். ஊர்ப்பள்ளியும் இடிந்து, மூங்கிலும் தகரமும் வேய்ந்த கொட்டகையில் வகுப்பு நடந்தது. அவ்வாண்டு எங்கள் குழு மீண்டும் நேபாளம் செல்வதாக இருந்தது. நாங்கள் போகவில்லை. பயணத்துக்குச் சேர்த்த தொகையை அவ்வூர்ப் பள்ளியைக் கட்டும் கொத்தனார்களின் கூலிக்கு அனுப்பினோம். ஒளிப்படம் எடுத்துக்கொள்ள எங்களுக்கு ஒரு சுவரும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி

ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்கின்றன. 2018-இல் இயற்றிய நேபாளத்துச் சிறுவர் சட்டமும் உறவினரையும் குடும்பத்தையும் முன்வைத்து, இல்லத்தைக் கடைசி வழியாகவே கொள்கிறது. உண்மையிலேயே ஒருவருமில்லாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு வீடு வேண்டும். அதை மறுப்பவன் கல்நெஞ்சன். ஆனால் அவர்கள் யார் என்று முதலில் அறிய வேண்டும்.

ஆகவே, நண்பர்களே, உங்களை அழைக்கும் குழுவினரிடம் இவற்றைக் கேளுங்கள். இப்பிள்ளைகளின் தாய் எங்கே? தேடினீர்களா? எந்த ஊரிலிருந்து, யார் வழியாக வந்தனர்? அவ்வூரில் பள்ளி உண்டா? நான் செய்யப்போகும் வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லையா? தெளிவான விடை கிடைத்தால் போய் வாருங்கள். கிடைக்காவிட்டால் பயணச்சீட்டு வாங்க வேண்டா.

தொண்டு வேண்டும் என்பதற்கு எங்கள் குழுவில் அடிக்கடி யாக்கோபு நிருபத்தை எடுத்துக் காட்டுவோம். அதில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கும் கடமை ஒரே மூச்சில் கூறப்பட்டிருக்கிறது. நாங்கள் முதற் சொல்லை மட்டும் படித்துப் பிள்ளைக்கு வீடு கட்டினோம். அடுத்த சொல்லுக்கு உரியவள் வாயிற்படியில் வந்து நின்றாள். அவளுக்குத் திக்கு இருந்திருந்தால் அவள் மகன் திக்கற்றவன் ஆகியிருக்க மாட்டான்.