களஞ்சியக் காவல்

கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலைகள், இடையே கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று நீரால் நெல் செழிக்கும் இம்மண்ணை முற்காலத்தே பிளேக் என்னும் கொள்ளைநோய் வருத்தியது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இருவர் அந்நோயை இங்கேயே ஆராய்ந்தனர். அவர்தம் ஆய்வுரை 1934ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பிளேக் முதலில் எலியைத் தாக்கும் நோயாகும். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி, அதன் குருதியோடு நோய்க் கிருமியையும் உறிஞ்சுகிறது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் வேறு உயிரை நாடுகிறது. அருகில் உறங்கும் மனிதனைக் கடிக்கிறது. தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பதை 1898இல் கராச்சியில் சோதித்துக் கண்டவர் சைமண்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர். ஆதலின், நோய் பரவிய காலத்தில் பூச்சியை ஒழிக்காது எலியை மட்டும் கொல்லுதல் தீங்காகவே முடியும். செத்த எலியை வெறுங்கையால் தொடுதலும் தகாது.

எலி நம்மை நாடி வருவதில்லை. நம் தானியத்தை நாடியே வருகிறது. எனவே நெல்மூட்டைகளைச் சுவரினின்று விலக்கிப் பலகைமேல் அடுக்குதல் வேண்டும். வளைகளை அடைத்தல் வேண்டும். சிந்திய மணிகளை அன்றே கூட்டுதல் வேண்டும்.

இன்று பிளேக்கைத் தீர்க்கும் மருந்துகள் உள்ளன. எனினும் எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் நீங்கவில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிடங்குகளை ஆய்வு செய்யும் அலுவலர், அங்கே எலிப்புழுக்கை உளதா எனவும் நோக்குகிறார். அவர் என்றோ ஒருநாள் வருபவர். நாள்தோறும் காக்க வேண்டியவர் வீட்டாரே. உணவைக் காப்பவர் உயிரையும் காப்பவர் ஆவர்.