அம்மாவின் இரத்தப் புற்றுநோய் மகளுக்கு வருமா?

"தாய்க்கு ரத்தப் புற்றுநோயாம், பொண்ணை எடுக்கலாமா?" என்ற பேச்சு நம் காதிலும் விழுகிறது. சி.எம்.எல். என்னும் நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் என்றால், தாராளமாக எடுக்கலாம்.

நம் உடம்புச் செல்லுக்குள் 46 குரோமோசோம்கள் நூலாய்ச் சுருண்டு கிடக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9-ஆவதும் 22-ஆவதும் ஒடிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதை 1973-ல் கண்டுபிடித்தவர் ஜேனட் ரௌலி என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். ஒட்டிய இடத்தில் உருவாகும் புது மரபணு, அணைக்காத மோட்டார் மாதிரி வெள்ளணுக்களைப் பெருக்கிக்கொண்டே போகும். பிறந்த பிறகு மஜ்ஜையில் நடக்கிற கோளாறு இது; கருமுட்டையில் கிடையாது. அதனால் பிள்ளைக்குப் போகாது. ஒட்டுவாரொட்டியும் அல்ல.

களைப்பு, எடை குறைவு, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிய கனம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது, சாதாரண இரத்தப் பரிசோதனையில்தான் அகப்படும்.

இமாட்டினிப் மாத்திரை அந்த மோட்டாரை அடக்குகிறது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் காப்புரிமை மறுத்ததால், நம் நாட்டுக் கம்பெனிகளின் மலிவு மாத்திரைக்குத் தடை வரவில்லை. நம்ம புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு.

"நல்லாயிட்டேன்" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோய் திரும்பிவிடும். பிள்ளை பெறும் எண்ணமிருந்தால், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும்.