விலையும் மதிப்பும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களுள் மைசூர் மைன்ஸும் ஒன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பலர் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி, நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். கைத்தொழில் செய்வோர்க்குக் கருவியே சோறளிப்பது. ஆதலால், மலிவான கருவியை வாங்கலாமா என்பது சிறிய வினா அன்று.

விலை குறைந்தவை யாவும் தாழ்ந்தவை அல்ல. ஆண்டிற்கு ஒருமுறை எடுக்கும் கருவிக்குப் பெரும்பொருள் வேண்டா. ஆனால், மென்மையான இரும்பால் செய்த ஸ்பேனரின் வாய் விரைவில் விரியும். மரையாணியின் முனைகளையும் மழுக்கும். கைப்பிடி தளர்ந்த சுத்தியலோ, தலை கழன்று பறந்து அருகில் நிற்பவரைத் தாக்கும்.

100 ரூபாய் ஸ்பேனர் ஓராண்டும், 300 ரூபாய் ஸ்பேனர் ஆறாண்டும் உழைக்கும் எனக் கொள்வோம். ஆறாண்டில் மலிவானதற்கு 600 ரூபாய் செலவாகும்!

கையில் பணம் குறைந்தவர் என்செய்வது? அன்றாடம் எடுக்கும் கருவி ஒன்றை மட்டும் நல்லதாக வாங்கி, ஏனையவற்றைப் பின்னர்ச் சேர்க்கலாம். வாங்குமுன் ஸ்பேனரை மரையாணியில் பொருத்தி, ஆடுகிறதா எனப் பார்க்க வேண்டும். கண்ணையும் கையையும் காக்கும் பொருளில் மட்டும் சிக்கனம் கூடாது.

சொற்பொருள்
மரையாணி – போல்ட்
மழுக்குதல் – கூர்மையைக் கெடுத்தல்
ஏனைய – மற்ற

வினாக்கள்
1. மலிவான ஸ்பேனரால் விளையும் கேடுகள் யாவை?
2. எவ்வகைக் கருவியை மலிவாக வாங்கலாம்? ஏன்?
3. உம் வீட்டிலுள்ள கருவி ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து வரிகள் எழுதுக.