1.2 என்றால் இருவருக்கும் ஒன்றா?

பெருந்துறை வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டையும் பார்த்தேன். உங்களுக்கு 30 வயது, கிரியேட்டினின் 1.2. அம்மாவுக்கு 65 வயது, அவருக்கும் 1.2. "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானுங்களே, அப்ப அம்மாவுக்கும் பயமில்லைங்களா?" என்று கேட்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது.

கிரியேட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. மூட்டை தூக்கி முறுக்கேறிய உங்கள் உடம்பில் அது நிறையவே உண்டாகும். மெலிந்த அம்மாவுக்கு உற்பத்தியே கம்மி. அப்படியிருந்தும் அவர் ரத்தத்தில் 1.2 தேங்கி நிற்கிறதென்றால், அதை வெளியேற்றும் சிறுநீரகத்தின் வேலை தளர்ந்திருக்கிறது. கிரியேட்டினினோடு வயதையும் ஆண், பெண் என்பதையும் சேர்த்துப் போடும் கணக்குக்கு இ-ஜிஎஃப்ஆர் என்று பெயர். 2021-இல் திருத்திய சூத்திரப்படி உங்களுக்கு 83 வருகிறது, அம்மாவுக்கு 50. இந்த எண் மூன்று மாதத்துக்கு மேலும் 60-க்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். அதனால் ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்துப் பதற வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கிரியேட்டினினை மட்டும் அச்சடித்து, பக்கத்தில் 'நார்மல்' என்று போட்டுவிடும் லேப்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. ஒன்றரை, இரண்டு லிட்டர் சிறுநீராகப் போக, மிச்சத்தை உடம்பே திரும்ப எடுத்துக்கொள்கிறது. சில நெஃப்ரான்கள் பழுதானால் மற்றவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். பாதி போகும்வரைகூட கிரியேட்டினின் ஏறாமல் இருக்கலாம், வலியும் இருக்காது. இடுப்பு வலிக்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது. அம்மாவின் ஹீமோகுளோபின் 9 என்று இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடாமல் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை என்கிறீர்கள். ஆனால் சிறுநீர் ரிசல்ட்டே இல்லை! எனக்கு இதுதான் பெரிய கவலை. வடிகட்டியின் கண் பெரிதானால் முதலில் கசிவது ஆல்புமின் என்ற புரதம். ரத்தத்தில் எதுவும் தெரியாத காலத்திலேயே அது சிறுநீரில் தெரிந்துவிடும். காலையில் முதலில் போகும் சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனம் தேவை. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் (பழைய ஆட்கள் இன்னும் சானடோரியம் என்றுதான் சொல்வார்கள்) கேட்டுப் பாருங்கள்.

இனி உங்களைப் பற்றி. 83 என்பது நல்ல எண்தான். ஆனால் சிப்காட்டில் பாய்லர் பக்கம் நிற்கும்போது தண்ணீரே குடிப்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றில் ஏழு பேர் அளவுக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. கடும் வெப்பத்தில், உடம்பில் நீர் வற்ற வற்ற உழைப்பவர்கள் அவர்கள். இலங்கையின் அனுராதபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு வரும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோயிலும் வெப்பத்தைச் சந்தேகிக்கிறார்கள்.

வேலை முடிந்து உடம்பு வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரையை நிறுத்துங்கள். நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைத்துவிடும். அம்மாவும் மூட்டு வலிக்கு அதைத்தான் போடுகிறாரா என்று இன்றே கேளுங்கள்.